விதை நெல்

பசி வாட்டும் வேளையிலும் விதை நெல்லைக் குத்தி உண்ண உழவன் துணியமாட்டான். அடுத்த போகம் அதில்தான் அடங்கியிருக்கிறது என்பதை அவன் அறிவான். புற்றுநோய் ஆய்விலும் இத்தகைய விதை நெல் உண்டு. அதற்கு வளர்ச்சி நிதி என்று பெயர்.

அமெரிக்காவில் 1971 டிசம்பரில் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அந்நாட்டின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தால் அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் இன்று 70-க்கும் மேற்பட்டவை. கழகம் வழங்கும் ஆதரவு மானியத்தில் ஒரு பகுதியை இம்மையங்கள் வளர்ச்சி நிதியாக ஒதுக்கலாம். புதிய விஞ்ஞானிகளை அமர்த்தவும், பலருக்கும் பொதுவான ஆய்வு வசதிகளைத் தொடங்கவும், சிறு முன்னோடி ஆய்வுகளுக்கு உதவவும் அது பயன்படுகிறது.

முன்னோடி ஆய்வுக்கு ஏன் தனிப்பணம்? பெரிய மானியம் கோரும் இளம் ஆய்வாளரிடம், "முதற்கட்டச் சான்று எங்கே?" என வினவுவார்கள். சான்றுக்குச் சோதனை வேண்டும். சோதனைக்கோ பணம் வேண்டும்! இந்தச் சுழலிலிருந்து அவரைக் கரையேற்றுவதே வளர்ச்சி நிதி. சோதனை பலித்தால் பெரிய மானியம் கோரும் தகுதி பிறக்கும். பலிக்காவிடில், பெரும்பொருள் வீணாகுமுன் பிழை புலப்படும்.

1947-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதனை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. பின்னர் மீண்டும் தலைதூக்கியது. ஆயினும் மருந்தால் அதனை அடக்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1948-இல் வானொலி வேண்டுகோளைக் கேட்ட எளிய மக்கள் அனுப்பிய தொகை, 2 இலட்சம் டாலரைத் தாண்டி ஜிம்மி நிதியாயிற்று. இன்று வளமிக்க நாடுகளில், இந்நோயின் மிகப் பரவலான வகை கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கின்றனர்.

கட்டடத்திற்குக் கொடுத்தால் பெயர் பொறித்த கல் நிற்கும். ஆய்வுக்குக் கொடுத்த பணமோ கண்ணுக்குத் தெரியாது. சில வேளைகளில் முளைக்காமலும் போகும். அதனாலேயே, பணத்தட்டுப்பாடு வரும்போது முதலில் அதன்மீதே கைவைக்கத் தோன்றும். ஆனால் விதையை விற்றுக் களஞ்சியம் கட்டி என்ன பயன்?

வாசகர்களே! புற்றுநோய் மருத்துவமனை ஒன்றிற்கு நீங்கள் பொருளுதவி செய்யும் நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் ஆய்வுக்கு எவ்வளவு?" அக்கேள்வியின் பலனை, நாம் அறியாத ஒரு தாயின் குழந்தை அனுபவிக்கக்கூடும்.