காயாத தப்பு பேசாது

மலைநாட்டுத் தோட்டங்களிலே பொழுது புலர்ந்ததைத் தப்பு அறிவித்த காலம் ஒன்று உண்டு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த அந்த ஓசையை முதியோர் பலர் இன்றும் மறந்தாரில்லை. பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு லயத்துக்கு லயம் பாய்ந்த அவ்வோசைக்கு ஒலிபெருக்கி எதுவும் துணை நின்றதில்லை. அதன் வலிமை எங்கிருந்து வந்தது? சென்ற மாசியிலே வலப்பனைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இவ்வினாவையே வேறு விதமாக நம் முன் வைத்தார்.

அவர் கணினியில் இசை கோப்பவர். காமன் கூத்தைப் பற்றிப் பாட்டொன்று அமைத்திருந்தார். தோற்கருவிகள் அனைத்தும் கணினி தந்த ஒலிகளே. தனியே கேட்டபோது கணீரென்றிருந்த முழக்கம், குரலும் ஆர்மோனியமும் சேர்ந்தவுடன் பஞ்சு மூட்டையில் அடித்தாற்போல் மழுங்கிவிட்டது. ஒலியளவைக் கூட்டினார், இரைச்சல் கூடிற்றேயன்றி அடி கூடவில்லை. “பிழை எங்கே, ஐயா?” என்பது அவர் கேள்வி.

விடையின் பாதி நமக்குக் கூத்துக் களத்திலேயே கிடைத்தது. பெரியவர் ஒருவர் காய்ந்த மிலாறு போட்டுத் தீமூட்டித் தம் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். “காயாத தப்பு பேசாது, தம்பி” என்றார். மலைப்பனியின் ஈரத்தை உண்ட தோல் தளரும். அனல் பட்டு ஈரம் நீங்கியதும் அது சுருங்கி விறைக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரு மடங்காகும் என்பது பௌதிக நூல் கூறும் கணக்கு. அப்பெரியவரோ விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தே அக்கணக்கை முடித்துவிட்டார்.

எந்த முழவின் அடியிலும் இரு கூறுகள் உண்டு. குச்சி தோலில் மோதும் கணத்தில் எழும் கூர்மை ஒன்று. பின் தொடரும் முழக்கம் மற்றொன்று. முன்னது சில மில்லிசெக்கன்களில் மறைந்துவிடும். ஆயினும் நம் செவி அடியை அடியென்று உணர்வது பெரிதும் அதனாலேதான். மிருதங்கத்தின் கருஞ்சாந்து அதன் ஒலியை இசைவுள்ள சுரங்களாக்கும் விந்தையைச் சர் சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தப்புக்குச் சாந்து இல்லை. ஆகவே கூர்மையே அதன் உயிர்.

இனி இளைஞரின் கணினிக்கு வருவோம். உண்மை முழவுகளின் ஒலியைப் பதிந்து வைத்து, வேண்டும்போது ஒலிக்கச் செய்யும் இயந்திரத்தை அமெரிக்கரான ரோஜர் லின் 1980-இல் வெளியிட்டார். இன்றைய கணினி முழவுகள் அதன் வழித்தோன்றல்களே. அவற்றையும் ‘காய்ச்ச’ வேண்டும். அதற்கு அனல் வேண்டா, நிதானம் வேண்டும்.

முதலாவது, அடியின் வேகம். கணினி அதனை 1 முதல் 127 வரை அளக்கிறது. இளைஞர் ஒவ்வோர் அடியையும் 127-இலே வைத்திருந்தார். எல்லா அடியும் பேரடியானால் எதுவும் பேரடியன்று. மெல்லடிக்கு இடமளித்தால்தான் வல்லடி தெரியும்.

இரண்டாவது, ஒலியின் மேட்டை அமுக்கிச் சமன் செய்யும் கம்பிரசர். ஒரு மில்லிசெக்கனுக்குள் அது பாய்ந்து பிடிக்குமாறு அவர் அமைத்திருந்தமையால், அடியின் முனையே நசுங்கிற்று. இருபது, முப்பது மில்லிசெக்கன் கழித்துப் பிடிக்கச் செய்தால் முனை தப்பும். பின்வரும் முழக்கம் மட்டும் அடங்கும். அடுத்த அடி விழுமுன் பிடி தளரவும் வேண்டும்.

மூன்றாவது, இடம். 300, 400 ஹெர்ட்ஸ் அளவில் முழவும் ஆர்மோனியமும் குரலும் ஒன்றையொன்று நெருக்கும். அங்கே முழவைச் சிறிது குறைத்து, 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை சிறிது உயர்த்தினால் கூர்மை தலைகாட்டும். எதிரொலியை மிகுதியாகப் பூசுதலும் ஆகாது.

நான்காவது, துணை. மழுங்கிய ஒலியோடு குச்சியின் குறுஞ்சத்தமொன்றைச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கவேண்டும். அலைகள் எதிரெதிராய் அமைந்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

இவ்வளவையும் செய்தபின் பாட்டு நிமிர்ந்தது. இளைஞரின் முகமும் மலர்ந்தது. “துணையொலிக்கு வேற்று நாட்டுக் குச்சிச் சத்தம் எதற்கு? அந்தப் பெரியவரின் தப்பையே பதிந்தால் என்ன?” என்றோம். அவர் தயங்கினார். “வீட்டில் ஒப்பமாட்டார்கள், ஐயா” என்றார்.

அத்தயக்கத்தின் பொருள் வாசகர்களுக்கு விளங்காததன்று. தோட்டம் முழுவதையும் எழுப்பிய கையைத் தோட்டமே தள்ளி நிறுத்தியது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் பசியோடு சாதியையும் சுமந்து வந்தனர். தப்பொலி வேண்டும், தப்படிப்பவர் வேண்டா என்றிருந்தோம். பெரியவரின் பேரன் தப்பைத் தொடுவதில்லையாம். அப்பிள்ளை நாணுவது தப்பைக் கண்டா, நம்மைக் கண்டா?

கணினி ஒலியை நாம் குறை கூறவில்லை. ஆனால், பதிந்து வைக்க ஓர் அடி இருந்தாலன்றி அதற்கு ஒலி ஏது? அடிக்கும் கை ஓய்ந்தபின் எந்தக் கருவியைத் திருகியும் பயனில்லை.

மறுவாரமே இளைஞர் ஒலிவாங்கியோடு பெரியவரின் லயத்துக்குச் சென்றார். தப்பு காய்ந்தது. மெல்லடி, நடுவடி, வல்லடி என ஒவ்வொன்றும் பதிவாயிற்று. அவர் தந்த தேநீரை இளைஞர் அவ்வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து பருகினார். பாட்டு வெளிவரும்போது வாசித்தவர் பெயரும் அதில் இருக்கும் என்று வாக்களித்துள்ளார். பேரன் வாசற்படியில் நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தானாம்.