காற்றுக்கு வாய் இல்லை

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தாமதமானால் முதலில் கைதாவது காற்றுதான். அது ஜாமீன் கேட்காது, மறுப்பு அறிக்கை விடாது, நுகர்வோர் மன்றத்துக்கும் வராது. ‘வானிலை காரணமாக’ என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் கேட் பக்கத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற கூட்டம் கொஞ்சம் அடங்கிவிடும். மழையோடு யார் சண்டை போடுவது? வானத்தையே காட்டமுடியாத நாட்களுக்கென்று இன்னொரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: ‘செயல்பாட்டுக் காரணங்கள்’. குழாய் ரிப்பேருக்கு வர வேண்டியவர் ‘பிளம்பிங் காரணங்களால் வர முடியவில்லை சார்’ என்று சொன்னால் சிரிப்போம். விமான நிறுவனம் சொன்னால் தலையாட்டிவிட்டு நூற்றைம்பது ரூபாய் காபியை வாங்கிக் குடிக்கிறோம்.

காற்று விமானத்தைத் தாமதப்படுத்துவது உண்மை. ஆனால் எவ்வளவு? அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் தாமதம் யாருடையது என்பது தானாக வெளியே வந்துவிடும்.

தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தராமலே தெரியும். விமானம் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் ஏறும். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு இரண்டு பெயர்கள்: 07, 25. அதாவது திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் மேற்கிலிருந்து, அனகாபுத்தூர் மாடிகளை உரசுவது போல வந்து இறங்கும். ஜூன், ஜூலைக் காலைகளில் மேல்காற்று அடிக்கும்போது அதே விமானங்கள் கடல் பக்கத்திலிருந்து ஆலந்தூர் வழியாக வரும். மத்தியானம் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் ஓடுபாதையின் திசையும் மாறும். அப்போது வரிசையில் இருக்கும் விமானங்களைத் திருப்பிவிட்டு, மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். சில விமானங்கள் வானத்தில் ஒரு வட்டம் கூடுதலாக அடிக்கும். இதனால் இழப்பது நிமிடங்கள். மணிக்கணக்கு அல்ல.

மேலே போவோம். நம் தலைக்கு மேல் ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தை மையமாக வைத்து, கிழக்கிலிருந்து மேற்கே பாயும் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று அது. 1950களில் அதை விவரித்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பறந்தாலும் அதன் வேகத்தை உணரும். ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து மும்பைக்குப் போகிறவருக்கு முதுகில் தள்ளிவிட ஆள் உண்டு. மும்பையிலிருந்து வருகிறவருக்கு நெஞ்சில் கைவைத்துத் தடுக்க ஆள் உண்டு.

இப்போது கணக்கு. சென்னை–மும்பை தூரம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் 75 நிமிடம். முழுத் தூரமும் 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று என்றால் 83 நிமிடம் சொச்சம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 68 நிமிடம். ஆக, பலமான எதிர்க்காற்று ஒரு பயணத்தில் தின்பது எட்டு நிமிடம்தான். எட்டே நிமிடம்! பையை மேலே வைக்க இடம் தேடி ஒருவர் நடுவழியில் நின்றாலே இவ்வளவு போய்விடும்.

இந்த எட்டு நிமிடமும் எதிர்பாராதது அல்ல. மேல்வானக் காற்றின் முன்கணிப்பை லண்டனிலும் வாஷிங்டனிலும் இருக்கும் உலகப் பகுதி முன்கணிப்பு மையங்கள் நாளுக்கு நான்கு முறை வெளியிடுகின்றன. ஒவ்வொரு விமானத்தின் எரிபொருள் கணக்கும் அதை வைத்துத்தான் போடப்படுகிறது. பருவத்தின் சராசரிக் காற்று எவ்வளவு என்பது பல மாதங்களுக்கு முன் அட்டவணை போடும்போதே தெரியும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. பாய்மரக் காலத்தில் பருவக்காற்றேதான் அட்டவணை. அது திரும்பும் வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து பிறகு கப்பலை எடுத்தார்கள். காற்று அவர்களை ஏமாற்றவில்லை. நம்மையும் ஏமாற்றவில்லை.

நிஜமாகவே வானம் கதவைச் சாத்தும் நாட்கள் இல்லையா என்றால், உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையே நீருக்குள் போய் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். அந்த நாட்களில் விமானம் கிளம்பாதது தாமதம் அல்ல, புத்தி. அந்த முடிவை எடுக்கிற விமானிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவை வருடத்தில் சில நாட்கள். வேடிக்கை என்னவென்றால், சென்னையில் காற்று வீசாததாலும் தாமதம் உண்டு. போகி விடியற்காலையில் புகை அசையாமல் நின்று ஓடுபாதையை மறைக்கும். 2018 போகியன்று அப்படித்தான் பல விமானங்கள் தடுமாறின. போகி என்றைக்கு என்று தினசரி காலண்டரைக் கிழிக்கிற எல்லோருக்கும் தெரியும். சமீப ஆண்டுகளில் அன்று சில விமானங்களின் நேரத்தை முன்கூட்டியே மாற்றி அறிவிக்கிறார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, காற்று இல்லையென்றால் என்ன? அட்டவணை.

ஒரே விமானம் காலை ஐந்தரைக்குச் சென்னையில் கிளம்பி, கோவை போய், திரும்பி, மதுரை போய், திரும்பி, ஹைதராபாத் போய், இரவு மறுபடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆளை இறக்கி, கூட்டி, எரிபொருள் போட்டு, ஆளை ஏற்ற அரைமணி நேரம்தான். காலையில் நழுவிய இருபது நிமிடத்தை மதியத்தில் மீட்க எங்கும் இடமில்லை. அது உருண்டு உருண்டு பெரிதாகும். இரவு எட்டு மணி விமானத்துக்கு வந்தவர், காலையில் கோவையில் நடந்த ஏதோ ஒன்றுக்கு வட்டி கட்டுகிறார். அவருக்குச் சொல்லப்படுவது: செயல்பாட்டுக் காரணங்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாலபாடம் உண்டு, வரிசைக் கோட்பாடு. வருகிறவர்களும் வேலை முடியும் நேரமும் சீராக இல்லாத ஒரு கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒருவருக்கு ஆகும் வேலை நேரத்தைப்போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்ததற்கு இரண்டு மடங்குக்கும் மேல் தண்டனை. பொங்கல் லீவு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரனூர் டோல்கேட்டில் நின்றவர்களுக்குச் சூத்திரமே வேண்டாம். சர்வரை 95 சதவீதத்தில் ஓடவிட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு நமக்கு போன் வரும். அதனால்தான் விட மாட்டோம். விமான நிறுவனங்களிலும் எங்களைப் போன்ற பொறியாளர்கள்தான் உட்கார்ந்து இந்த மாதிரிகளைப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை. அங்கே ராத்திரி ரெண்டு மணிக்கு நிற்பது பயணி என்பதுதான் வித்தியாசம்.

ஒரு இடத்தில் மட்டும் தாராளமாக நேரம் வைத்திருப்பார்கள். சென்னை–பெங்களூரு வானத்தில் நாற்பது நிமிடத்துப் பயணம். அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஓடுபாதைக்கு உருண்டு போவதற்குக் கொஞ்சம் நேரம் நியாயம்தான். மிச்சம் மெத்தை. தாமதமாகக் கிளம்பி ‘சரியான நேரத்தில்’ இறங்கியதாகக் கைதட்டல் வாங்குவதற்கான மெத்தை. இது நம்முடைய நேரத்தை எடுத்து அவர்களுடைய மதிப்பெண்ணில் சேர்ப்பது. இரண்டு பயணங்களுக்கு நடுவில், விமானமும் ஆட்களும் மூச்சுவிடும் இடத்தில் அதே நிமிடங்களை வைத்தால் எல்லோருக்கும் பயன். அங்கே வைத்தால் விமானம் சும்மா நிற்கும், காசு நிற்கும்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தக் கயிறு அறுந்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் 2024 ஜனவரியில் வெளியானவை. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறை. தயாராக ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் இண்டிகோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அந்த நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், எதிர்பாராத சவால்கள் என்ற தலைப்பின்கீழ் ஓய்வு விதியோடு மோசமான வானிலையும் பட்டியலில் இருந்தது. காற்றை மறுபடி கூண்டில் ஏற்றிவிட்டார்கள்! பிறகு டிஜிசிஏ விசாரணை சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, அளவுக்கு மீறிய உகப்பாக்கம். அதாவது, பிழிந்தது. அதைவிடக் கசப்பானது நடுவில் நடந்தது. குழப்பத்தைத் தீர்க்க, இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கே 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பையனுக்குத் தேர்வையே தள்ளிவைத்தது போல.

விமானி ஓய்வு என்பது சம்பளப் பிரச்சினை அல்ல. 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் கோழிக்கோட்டில் இறங்கியது. முதல் முயற்சி கைவிடப்பட்டு, இரண்டாவது முறை எதிர்ப்பக்க ஓடுபாதையில், பின்காற்றோடு வந்தது. ஏறக்குறைய பாதி ஓடுபாதையைக் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மேட்டு ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டிச் சரிந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமானி நடைமுறைகளைப் பின்பற்றாததே காரணம் என்றது விசாரணை அறிக்கை. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. மறுநாள் காலை விமானத்தை ஓட்ட அவர் கோழிக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற உந்துதலையும், அங்கே போதுமான கேப்டன்களை வைக்காத நிறுவனத்தின் பணியாளர் கொள்கையையும் பங்களித்த காரணங்களாக எழுதியது. பின்காற்று இருந்தது. ஆனால் அந்தப் பின்காற்றுக்கு முன்னால் ஒரு மனிதரைத் தள்ளியதில் மறுநாள் அட்டவணைக்கும் பங்கு உண்டு.

‘குறைந்த கட்டணம் வேண்டும், நேரமும் வேண்டும் என்றால் எப்படி?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விமானம் சும்மா நின்றால் டிக்கெட் விலை ஏறும். ஏறட்டும், அல்லது ஏறாமல் இருக்கட்டும். ஆனால் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பது வெளியே தெரியட்டும். ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் ஒழுங்குமுறைப்படி, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு. சாதாரண இயந்திரக் கோளாறு ‘அசாதாரணச் சூழல்’ ஆகாது என்று 2008இல் அங்கே நீதிமன்றம் சொன்னது. மூன்று மணி நேரத் தாமதத்துக்கும் காசு உண்டு என்று 2009இல் சொன்னது. இங்கே குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப. இழந்த நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. நம்முடைய நேரத்தின் அரசு விலை ஒரு சாண்ட்விச்.

‘பரந்தூர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது இன்னொரு ஆறுதல். மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அதனால் இரண்டையும் தனித்தனியாக ஓட்டமுடியாது. இடம் போதாது என்பது உண்மை. ஆனால் புது நிலையத்தையும் 95 சதவீதத்துக்கு நிரப்புகிற அட்டவணையே அங்கேயும் வருமென்றால், அதே வரிசை கொஞ்சம் பெரிய கட்டடத்தில் நிற்கும். 2022இலிருந்து எதிர்த்து நிற்கும் ஏகனாபுரத்துக்காரர்களிடம் நிலத்தைக் கேட்பவர்கள், தாமதத்தை ஒரு காரணமாகச் சொல்வதற்கு முன் அந்தத் தாமதத்தின் கணக்கைக் காட்டட்டும்.

கணக்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஐயாட்டா வகுத்த இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று உலகம் முழுக்கப் பதிவாகிறது. கிளம்பும் ஊரில் வானிலை என்றால் 71. இறங்கும் ஊரில் என்றால் 72. முந்தைய பயணத்திலிருந்து விமானம் தாமதமாக வந்ததென்றால் 93. ஒலிபெருக்கியில் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று சொல்லும்போதே உள்ளே ஒரு திரையில் அந்த எண் இருக்கிறது.

கோரிக்கை நான்குதான். பயணிக்கு வரும் குறுஞ்செய்தியில் அந்தக் குறியீடு இருக்க வேண்டும். விமான வாரியாக மாதாமாதம் அதை வெளியிட வேண்டும். 93 என்றால் அது நிறுவனத்தின் பொறுப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் நஷ்டஈடு. ஓய்வு விதிக்கு யாருக்கும், எந்த நெருக்கடியிலும் விலக்கு இல்லை. விமானி போதவில்லையென்றால் விமானத்தைக் குறையுங்கள்.

அது சட்டமாகும்வரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை கவுண்டரில் ‘வெதர் சார்’ என்றால், அங்கே நிற்கிற பெண்ணிடம் கத்தாதீர்கள். அட்டவணையை அவர் போடவில்லை. பணிவாக ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்: 71ஆ, 72ஆ, இல்லை 93ஆ?