கென்னடி: ஒரு பெயர் கடந்து வந்த பாதை



கென்னடி என்னும் பெயரை நாம் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பங்குகளிலேயே அப்பெயர் பூண்டோர் உளர். நம்மிடையே அது ஒருவரைக் குறிக்கும் சொந்தப் பெயர். அது பிறந்த அயர்லாந்திலோ ஒரு குலத்தின் பெயர். அதன் வரலாற்றை இத்திங்கள் காண்போம்.

நம் நாட்டில் தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிறது. பேரனுக்கு அது மாறிவிடுகிறது. அயர்லாந்து மக்களோ ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு முதலே மாறாத குடும்பப் பெயர்களைக் கைக்கொள்ளத் தொடங்கினர். அவர்கள் மொழியில் 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல்.

அயர்லாந்தின் மேற்கே ஆண்ட கென்னேடிக் என்னும் மன்னர் 951-ஆம் ஆண்டு இறந்தார். 1014-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கிளாண்டார்ப் போரில் உயிர் நீத்த பேரரசர் பிரையன் போரு இவருடைய மைந்தரே. இம்மரபில் தோன்றியோர் 'ஓ கின்னேடி' எனப்பட்டனர். இப்பெயருக்கு 'அழகற்ற தலையன்' என்றும், 'தலைக்கவசம் அணிந்தவன்' என்றும் பொருள் கூறுவர்! ஷானன் ஆற்றின் மேற்கே வாழ்ந்த இவர்கள், பின்னர் ஆற்றைக் கடந்து வட டிப்பரேரியில் பல நூற்றாண்டுகள் தலைவர்களாய் விளங்கினர். ஒரு கிளையினர் தென்கிழக்கே வெக்ஸ்போர்டு பகுதியில் குடியேறினர். ஸ்காத்லாந்திலும் கென்னடிகள் உளர்; அவர்கள் வேறு மரபினர். எழுத்து ஒன்றாயிருப்பதால் குருதியும் ஒன்றாகிவிடாதன்றோ?

17-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரின் நிலங்கள் பறிக்கப்பட்டன. 1695 முதல் இயற்றப்பட்ட சட்டங்கள் அவர்களுடைய கல்வியையும் உரிமைகளையும் நசுக்கின. ஆங்கில ஆட்சி வேரூன்றிய அந்நாள்களில் எண்ணற்ற குடும்பங்கள் தம் பெயரிலிருந்த 'ஓ' என்னும் அடைமொழியை இழந்தன. ஓ கின்னேடி வெறும் கென்னடி ஆயிற்று.

அடுத்து வந்தது பஞ்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதனையே உணவாகக் கொண்ட ஏழைகள் மடிந்தனர். சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு அகன்றனர். நியூ ரோஸ் நகருக்கு அருகிலுள்ள டங்கன்ஸ்டவுன் சிற்றூரின் உழவர் குடியில் பிறந்த பேட்ரிக் கென்னடியும் அவர்களுள் ஒருவர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்து, பீப்பாய் செய்யும் தொழிலில் அமர்ந்தார். 1849-இல், தம்மைப் போலவே வெக்ஸ்போர்டிலிருந்து வந்த பிரிஜெட் மர்பி என்னும் மங்கையை மணந்தார்.

ஒன்பதே ஆண்டுகள்! 1858 நவம்பரில் பேட்ரிக் இறந்தார். மூத்த மகனைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்திருந்த அக்குடும்பத்தில், மூன்று பெண்மக்களும் பத்து மாதக் கைக்குழந்தையான ஓர் ஆண் மகவுமே எஞ்சினர். அவ்வீட்டின் கென்னடி என்னும் பெயர் அந்தத் தொட்டிலில் கிடந்தது என்றால் மிகையாகாது. பிரிஜெட் பிறர் வீடுகளில் ஊழியம் செய்தார், பின்னர்ச் சிறு கடை ஒன்றை நடத்தினார், பிள்ளைகளை ஆளாக்கினார். அந்த மகனின் பேரனே 1961-இல் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜான் கென்னடி. 1963 ஜூனில் அவர் டங்கன்ஸ்டவுன் சென்று, கொள்ளுப் பாட்டனார் விட்டுச் சென்ற மண்ணில் உறவினரோடு தேநீர் அருந்தினார்.

மர்பி என்னும் பெயருக்குக் 'கடற்போர் வீரன்' என்பது பொருள். கடல் கடந்து வந்து, வறுமையோடு போராடி வென்ற அந்த விதவைத் தாய்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டோ? ஆயினும் மர்பி என்னும் பெயர் அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லவில்லை. தந்தை வழிப் பெயர் என்கிறோம். அதனைக் காத்துத் தந்தவரோ அப்பெயரில் பிறவாத ஓர் அன்னை!

இன்னொன்றையும் நாம் கருத வேண்டும். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது, 19-ஆம் நூற்றாண்டின் பழைய மக்கள் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆதலால் இன்று முன்னோரைத் தேடி வருவோருக்குப் பெருந்துணையாய் நிற்பவை பங்குகளில் காக்கப்பட்ட திருமுழுக்கு, திருமண ஏடுகளே. அவற்றில் தந்தையின் பெயரோடு தாயின் பிறந்தகப் பெயரும் எழுதப்பட்டிருத்தல் பெருவழக்கு. குடும்பப் பெயர் மறந்த அன்னையரை அவ்வேடுகள் மறக்கவில்லை.

நம் இல்லங்களிலும் தந்தைவழி முன்னோரை மூன்று தலைமுறை வரை சொல்வோர் உளர். பாட்டியின் தாய் பெயரென்ன என்று வினவினால் விடை கூறுவோர் எத்தனை பேர்? வீட்டு முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.