பதநீரா, கள்ளா? கலயத்துக்குள் ஒரு கத்தரிக்கோல்!

வெயில் காலத்தில் பாபநாசத்தில் தாமிரபரணிக் குளியலை முடித்துவிட்டு நெல்லைக்குத் திரும்புகிறீர்களா? வழியில் பதநீர்ப் பானையைக் கண்டால் வண்டி தானாகவே ஓரங்கட்டும். ஓலைப் பட்டையில் நுங்கு போட்டு ஊற்றித் தரும் அந்தப் பதநீர், கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அப்படி என்னதான் செய்கிறது சுண்ணாம்பு?

பாளையைச் சீவியதும் சொட்டும் சாற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். நாம் காபியில் போடும் அதே சர்க்கரைதான். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இதை வெளியிலேயே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக வெட்டித்தான் பெரும்பாலும் சாப்பிடும். வெட்டும் கத்தரிக்கோலின் பெயர் இன்வர்டேஸ். இது ஒரு நொதி.

இந்த நொதியும் ஒரு புரதம்தான். ஈஸ்ட் செல்லுக்குள் உருவாகும்போது இதன் முனையில் 19 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால் இருக்கும். ‘இதை வெளியே அனுப்பு’ என்று சொல்லும் விலாசச் சீட்டு அது. வேலை முடிந்ததும் இன்னொரு நொதி அந்தச் சீட்டை வெட்டி எறிந்துவிடும். பிறகு மேனோஸ் என்ற சர்க்கரையால் கனமான சட்டை போட்டு, செல் சுவரின் உட்புறத்தில் காவலுக்கு நிறுத்திவிடும் ஈஸ்ட். சுக்ரோஸ் சுவரைத் தாண்டி வந்ததும், வெட்டு!

லேசான புளிப்பு இருந்தால்தான் இந்தக் கத்தரிக்கோல் நன்றாக வெட்டும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டிவிடுவதால் நொதியும் முடங்குகிறது, ஈஸ்ட்டும் பெருகாமல் தவிக்கிறது.

பனையேறிக்கு இது பிழைப்புப் பிரச்னை. வெட்டுப்பட்ட சர்க்கரையைக் காய்ச்சினால் கருப்பட்டி அச்சில் இறுகாமல் இளகிப்போகும். மரம் ஏறிய உழைப்பு வீண். அதோடு, தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவே நிற்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான்!

வாங்கும்போது கவனிங்க மக்களே... நுரையும் புளித்த வாடையும் இருந்தால் வேண்டாம். அடியில் படிந்த சுண்ணாம்பு கலங்காமல் தெளிவை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்கிப்போனால் அன்றே குடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் புளிப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பட்டையை நீட்டுங்கள். என்ன இருந்தாலும் அது சர்க்கரைச் சாறுதானே!