கம்பெனி மூடினாலும் பாட்டு திறக்க வேண்டும்

2024 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் மேக்மியூசிக் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ‘ஃபினாலே’ மென்பொருளுக்கு இனி புதுப் பதிப்பு வராது, விற்பனையும் நின்றது. ஐந்து கோட்டு முறையில் இசையெழுதிப் பிழைக்கும் பலருக்கு அது சாவுச் செய்தியாகவே இருந்தது. 1988-இல் வெளிவந்த ஃபினாலே, பள்ளி பேண்டு வாத்தியக் குழுவிலிருந்து பெரிய ஆர்கெஸ்ட்ரா வரை நுழையாத இடம் குறைவு. அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. ஓராண்டு கழித்து, காசு கொடுத்து வாங்கியவர்களும் புதுக் கணினியில் அதை நிறுவி அனுமதி பெற முடியாது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே நிறுவனம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

கைவிட்டது நல்லது. ஆனால், அந்த ஒரு நாளில் எழுந்த கேள்வி அதோடு தீரவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக எழுதிய இசை முழுவதும் ஃபினாலே கோப்புகளில் கிடக்கிறது; அந்தக் கோப்பை முழுமையாகப் படிக்கத் தெரிந்தது ஃபினாலே மட்டும்தான். அப்படியென்றால் அந்த இசை எழுதியவரிடம் இருக்கிறதா, மென்பொருள் விற்றவரிடம் இருக்கிறதா?

இசைக்குறிப்பு மென்பொருள்களைப் பற்றிய பேச்செல்லாம் ‘இந்த ஆண்டு என்ன புது வசதி’ என்றே போகிறது. வசதிகள் உண்மையிலேயே பெரியவை, அதில் சந்தேகமில்லை. ஸ்டைன்பர்க் நிறுவனத்தின் ‘டோரிகோ’வில் பாட்டின் நடுவே இரண்டு ஸ்வரங்களைச் செருகினால், பின்னால் வருபவை தாமாகவே நகர்ந்து தாளக் கட்டுக்குள் சரியாக உட்காருகின்றன. இரண்டு புல்லாங்குழல்களுக்குத் தனித்தனியாக எழுதியதை, நடத்துநரின் பிரதியில் மட்டும் ஒரே வரிசையாகச் சுருக்கித் தரும் வசதி 2019-இல் வந்தது. முன்பெல்லாம் இந்த வேலை நகலெடுப்பவரின் பல இரவுகளைத் தின்றது. இலவச மென்பொருளான ‘மியூஸ்ஸ்கோர்’ 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில், எழுதியதை அசல் வாத்தியங்களின் சாயலில் கேட்கும்படி செய்தது. பின்வந்த பதிப்புகளில் ப்ரெயில் பலகமும் சேர்ந்திருக்கிறது. எழுதுகிற இசை ப்ரெயிலில் உடனுக்குடன் தெரிவதால், பார்வையற்ற இசைக்கலைஞர் அடுத்தவர் படித்துச் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆனாலும், கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறை கண்ட மிகப் பெரிய முன்னேற்றம் விளம்பரத்தில் வராத ஒன்று. அதன் பெயர் மியூசிக்எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் என்பவர் தம் ‘ரெகார்டாரே’ நிறுவனத்தில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2004-இல் வந்தது. என்ன ஸ்வரம், எந்த ஸ்தாயி, எவ்வளவு நேரம், அதன் கீழே பாட்டின் எந்த எழுத்து என்பதையெல்லாம் வெறும் எழுத்தாகப் பதிந்து வைக்கும் முறை. ஒரு மென்பொருளில் எழுதியதை இந்த வடிவில் சேமித்தால் இன்னொன்றில் திறக்கலாம். பக்க அமைப்பும் சில நுணுக்கங்களும் வழியில் கலைந்துபோகும், பாட்டு தப்பித்துவிடும்.

இதன் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2011-இல் ரெகார்டாரேயை வாங்கியது அதே மேக்மியூசிக்தான். ஆனால், 2015-இல் இந்த வடிவத்தின் பொறுப்பு இணையத் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி-யின் கீழ் இயங்கும் பொதுக்குழுவுக்குக் கைமாறியது. 2021-இல் நான்காம் பதிப்பை வெளியிட்டது அந்தக் குழுதான். ஃபினாலே நின்றபோது அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பிக்க ஒரு கதவு இருந்ததற்கும், அந்தக் கதவின் சாவி யாருடைய தனிச் சொத்தாகவும் இல்லாததற்கும் இந்தக் கைமாற்றமே காரணம்.

எழுத்துருவிலும் இப்படி ஒன்று நடந்தது. தமிழ் யூனிகோடுக்கு முந்தைய நாட்களை அனுபவித்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியுமே, அதே கதைதான். 2013-இல் டோரிகோ குழு வெளியிட்ட ‘ஸ்மஃபல்’ என்ற பொதுத் தரம், ஒவ்வொரு இசைக்குறிக்கும் ஒரு நிலையான இடத்தை ஒதுக்கியது. 2,000-க்கும் மேற்பட்ட குறிகள். துருக்கிய, பாரசீக இசையின் நுண்சுருதிக் குறிகளுக்கும் அதில் இடமுண்டு. கூடவே ‘பிரவுரா’ எழுத்துருவையும் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தார்கள். அந்தக் குழுவினர் பட்ட அனுபவமும் இதில் சேர்ந்திருக்கலாம்: அவர்களில் பலர் முன்பு ‘சிபேலியஸ்’ மென்பொருளை வளர்த்தவர்கள். 2012-இல் அதன் லண்டன் அலுவலகத்தை உரிமையாளரான அவிட் நிறுவனம் மூடியதால் வெளியேறியவர்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1890-களில் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர, சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில் ஸ்வரம். அதன்மேல் கம்பிதம், ஸ்புரிதம், ஜாரு, நொக்கு எனக் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று நூலிலேயே விளக்கியும் வைத்தார். அதனால்தான் 120 ஆண்டுகள் கழித்தும் வித்வான்கள் அதைத் திறந்து பாடாந்தரம் பார்க்கிறார்கள். குறிமுறையை நூலோடு சேர்த்தே கொடுத்ததில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. இன்றைய மென்பொருள் எதுவானாலும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்பது நியாயம்.

ஆகவே இசைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் மென்பொருள் வாங்கும்போது விலையையும் ஒலியின் இனிமையையும் கேட்பதற்கு முன், கோப்பு எந்த வடிவில் வெளியே வரும் என்று கேட்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஆவணப்படுத்தல் திட்டங்களில் இதை நிபந்தனையாகவே வைக்கலாம்: மூலக் கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல், அச்சுக்கான பிடிஎஃப் மூன்றும் ஒப்படைக்கப்பட வேண்டும். கமகக் குறிகளை எழுத்துருவாகச் செய்பவர்கள், எந்தக் குறி எந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியலையும் சேர்த்து வெளியிட வேண்டும். மாணவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் போதும். அதன் நிரலும் கோப்பின் உள்ளடக்கமும் யாரும் பிரித்துப் பார்க்கக்கூடியவை.

பழைய ஃபினாலே கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஒரு கோப்புறையில் உள்ள அனைத்தையும் ஒரே கட்டளையில் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. அது ஓடுகிற கணினி பழுதாகும் முன், ஒரு மதியப் பொழுதை ஒதுக்கி அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.