எஞ்சினைப் பிரிக்குமுன் ஆராய வேண்டியவை

கால்நடை ஆய்வாளர், வேளாண்மை விரிவாக்க அலுவலர், நில அளவையாளர் முதலிய களப் பணியாளர் பலருக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத கருவியாகும். அது வழக்கத்திற்கு மாறாக அதிரத் தொடங்கியதும், பட்டறைக்குக் கொண்டு சென்று எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது நாட்டின் பல பாகங்களிலும் பெருவழக்காக உள்ளது. காய்ச்சல் கண்டவரின் வயிற்றை உடனே கீறிப் பார்க்கும் மருத்துவர் எவரும் இலர். எஞ்சின் விஷயத்தில் மட்டும் அது அன்றாடம் நடைபெறுகிறது.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஓரளவு அதிர்வு இயல்பாகவே உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்ட 346 கன செ.மீ. புல்லட் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அதன் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழுமாக ஓடுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில், ஓட்டத்தின் மேல் முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 450 மடங்கையும் கடந்து விடுகிறது. அந்நிலையில் 300 கிராம் பொருள் 135 கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கும். கிராங்கில் அமைந்த எதிரெடை இவ்விசையில் ஒரு பகுதியையே ஈடு செய்கிறது. முழுவதையும் ஈடு செய்ய முற்பட்டால், மேல்கீழ் ஆட்டம் முன்பின் ஆட்டமாக மாறுமேயன்றி ஒழியாது. 2020-இல் வெளிவந்த மீட்டியார் 350 வண்டியிலும், 2023-இல் வெளிவந்த புதிய புல்லட்டிலும் இதன் பொருட்டே தனிச் சமன்தண்டு ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. ஆதலால் பழைய வண்டியைப் புதிய வண்டியோடு ஒப்பிட்டுக் குறை காண்பது பொருந்தாது. வண்டியை அதன் சென்ற மாதத்து நிலையோடு ஒப்பிடுவதே முறை.

முதலில் எழுப்ப வேண்டிய வினா ஒன்றே. அதிர்வு எஞ்சினின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றுகிறதா? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஏறத்தாழ இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் வினாடிக்கு எட்டு முறை சுழல்கிறது. எஞ்சினோ ஐம்பது முறை அளவில் சுழலக்கூடும். முன்னது உலுக்கலாகவும் பின்னது ரீங்காரமாகவும் கைக்குத் தெரியும். ஐயம் தீராவிடில், போக்குவரத்தற்ற நேரான சாலையில் அதிர்வு தோன்றும் வேகத்தை எட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினைத் தணிய விட வேண்டும். அப்போதும் உலுக்கல் நீடிக்குமாயின், சக்கரம், டயர், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்று விடுமாயின், வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அதே சுற்று வேகத்திற்கு உயர்த்திப் பார்க்கலாம். அங்கும் அதிர்வு தோன்றினால் எஞ்சினோ, அதைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகளோ காரணமாகும். தோன்றாவிட்டால், சுமை ஏறும்போது மட்டும் வெளிப்படும் குறைகளான செயின், பல்சக்கரம், கிளட்ச் ஆகியவற்றின் தேய்மானத்தை ஐயுற வேண்டும். சீரற்று விட்டுவிட்டு வரும் குலுக்கல் பெரும்பாலும் எரிதலின் கோளாறு. ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டரும் அங்கே முதற்கண் நோக்கத் தக்கவை.

எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு உரிய கவனம் கிட்டுவதில்லை. ஒரு ஸ்பானரைக் கொண்டு சில நிமிடங்களில் செய்யத்தக்க சோதனை அது. பழுது பார்த்து வந்த மறுநாளே அதிர்வு தோன்றினால், பழுது பார்த்தபோது தொட்ட இடங்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆயினும் எஞ்சினைப் பிரிப்பதே தகும் சந்தர்ப்பமும் உண்டு. கனத்த தட்டல் ஓசையுடன் அதிர்வும் சேர்ந்து நாளுக்கு நாள் வளருமாயின், கிராங்கின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அங்கே தாமதம் பெருஞ்செலவில் முடியும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நீடித்த அதிர்வு சட்டத்தில் விரிசலை உண்டாக்கும். மேலும், அதிரும் கருவிகளைப் பல்லாண்டு கையாளும் தொழிலாளரின் விரல்களில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குன்றுவது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்லும் பணியாளர் கை மரத்துப் போவதை வேலையின் இயல்பெனப் பொறுத்துக் கொள்வது தகாது. அரசு வண்டிகளின் பயணக் குறிப்பேட்டில் தூரத்திற்கும் பெட்ரோலுக்கும் இடம் இருப்பது போல், அதிர்வு தோன்றிய வேகம், கியர், நாள் ஆகியவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். தேவையற்ற ஒரு பிரிப்புக் கூலியை அது மிச்சப்படுத்தினாலே போதும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பாடம் உண்டு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டியின் பக்கக் கண்ணாடியில் உருவம் மங்கி, வேகம் கூடியதும் தெளிவதை மாணவர் கண்டிருப்பர். இது ஒத்ததிர்வு. இரம்பத் தகடு ஒன்றை மேசை விளிம்பில் இறுகப் பிணைத்துச் சுண்டினால், நீட்டம் குறையக் குறைய அதிர்வு விரைவதை வகுப்பிலேயே காட்டலாம். தகட்டின் நுனியில் சிறிது களிமண்ணை ஒட்டிச் சுண்டினால் அதிர்வு தணியும் வேகத்தையும் மாணவர் எண்ணட்டும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி முனைகளில் எடைக்கட்டிகள் எதற்கென்று அதன்பின் கேட்கலாம்.