மறந்து எரியும் இண்டிகேட்டர்

இண்டிகேட்டர் போடாமல் சடாரென்று திரும்புகிறவரை ஊரே திட்டும். போட்டதை அணைக்க மறந்தவர் மீது மட்டும் எல்லோருக்கும் ஒரு பரிவு. பக்கத்தில் வண்டியை ஒட்டி வந்து, ஐந்து விரலையும் விரித்து மூடிக் காட்டி, “இண்டிகேட்டர் எரியுது சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் ஆபத்தில் இவர் அவருக்குச் சளைத்தவர் அல்ல. போடாதவர் தகவலே தருவதில்லை. அணைக்காதவர் தவறான தகவலைக் கிலோமீட்டர் கணக்கில் தந்துகொண்டே போகிறார். இப்படிப் பல வண்டிகளைப் பார்த்துப் பழகியவர், உண்மையாகவே வலப்பக்கம் திரும்பப் போகும் ஸ்கூட்டரையும் “மறந்துவிட்டார் போல” என்று முடிவுகட்டி வலப்பக்கமாகவே முந்துகிறார்.

இண்டிகேட்டர் விஷயத்தில் பிரச்சினை போடாததோடு நிற்கவில்லை. போட்டாலும் நம்ப ஆளில்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்து வகைகளில் அதிகம் நடப்பது பின்னாலிருந்து மோதுவது. இவற்றில் எத்தனை இண்டிகேட்டரால் என்று தேடினால் விடை கிடைக்காது. பெரும்பாலானவை ‘அதிவேகம்’ என்ற தலைப்பின் கீழ் போய்விடுகின்றன. எரியாத விளக்குக்கும் வீணாக எரிந்த விளக்குக்கும் அந்த அறிக்கையில் தனிக் கட்டம் இல்லை.

இது நம் ஊருக்கே உரிய கோளாறு என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சாலையில் சென்ற 12,000 வாகனங்களைக் கவனித்தது. தடம் மாறும்போது 48 விழுக்காட்டினர் ஒன்று இண்டிகேட்டர் போடவில்லை, இல்லையென்றால் போட்டதை அணைக்கவில்லை. திரும்பும்போது தவறியவர்கள் 25 விழுக்காடு.

காரில் இதற்கு ஒரு பாதி மருந்து இருக்கிறது. திருப்பம் முடிந்து ஸ்டியரிங் நேராகும்போது, அதன் தண்டில் உள்ள ஒரு சின்னப் பல் இண்டிகேட்டர் குச்சியைத் தட்டி அணைத்துவிடுகிறது. பைக் சாய்ந்து திரும்புகிறது. ஓடும்போது ஹேண்டில்பார் பெரிதாகத் திரும்புவதே இல்லை. அதனால் அணைப்பது முழுக்க இடது கட்டைவிரலின் பொறுப்பு. மீட்டரில் எரியும் பொட்டளவு பச்சை விளக்கு மத்தியான வெயிலில் கண்ணுக்குப் படாது. மெக்கானிக் கடையில் தனியாக மாட்டிய பஸ்ஸர் கத்தினாலும், ஹெல்மெட்டுக்குள் இருப்பவரைத் தவிர தெருவில் எல்லோருக்கும் கேட்கும்.

சட்டத்தில் குறையில்லை. இண்டிகேட்டர் அம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை விட்டு விட்டு எரிய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102ஆவது விதி. பல வண்டிகளில் ஒரு பக்கத்துப் பல்பு ஒன்று போய்விட்டால் மிச்சமிருப்பது படபடவென்று அடித்துக்கொள்ளும். அது பல்பு மாற்றச் சொல்லும் சேதி. அதை ஸ்டைல் என்று நினைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு.

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். முன்னால் போகிறவர் மூன்று நொடி முன்னதாகப் போட்டால், விளக்கு மூன்றிலிருந்து ஆறு முறை எரியும். பின்னால் வருகிறவருக்கு 50 மீட்டர் அவகாசம். திரும்பிக்கொண்டே போட்டால், அந்த அவகாசமே அவருக்குக் கிடைக்காது. நம் சாலைகளில் அதிகம் காணக் கிடைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

இதற்கு மேல், ஒரே விளக்குக்கு ஆளுக்கொரு அர்த்தம். இரட்டை வழிச் சாலையில் முன்னே போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போடுகிறது. விதிப்படி, வலப்பக்கம் திரும்பப் போகிறது. சில ஓட்டுநர்களுக்கு அது ‘எதிரே வண்டி வருது, முந்தாதே’. வடக்கேயிருந்து வரும் லாரிக்காரர்கள் பலருக்கோ ‘வழி காலி, ஏறி வா’. பின்னால் குடும்பத்தோடு காரில் வருகிறவர் இந்த மூன்றில் ஒன்றை ஊகித்தாக வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ள வாய்ப்பு கிடைப்பது அரிது. நான்கு முனைச் சந்திப்பில் நேராகப் போக நாலு இண்டிகேட்டரையும் போடுகிறவர்கள் தனி ரகம். இடப்பக்கச் சாலையில் நிற்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும். கார் இடப்பக்கம் திரும்புகிறது என்று நம்பி அவர் தன் வண்டியை எடுத்துவிடுவார்.

விளக்கை நம்பாத ஊர் கையை நம்புகிறது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மா மடியிலிருந்த பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுகிறார். ஆட்டோக்காரர் காலை வெளியே விடுகிறார். லாரி கிளீனர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுகிறார். சிரிக்கத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கையை யாரும் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு மறந்து நீட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் இரவில் கை தெரியாது.

அபராதத்தால் இது மாறும் என்பது சந்தேகம்தான். ஹெல்மெட் இல்லாத தலை கேமராவில் விழும். போடாத இண்டிகேட்டருக்கு அடுத்த நொடியே சாட்சி இல்லை. வண்டியையே மாற்றுவதுதான் சுலபம். 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று அரசு சொன்னது. கொஞ்ச காலம் எதிரே வந்தவர்களெல்லாம் “லைட் எரியுது” என்று கை காட்டினார்கள், பிறகு பழகிவிட்டது. 2019இல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. தானாக அணையும் இண்டிகேட்டரை யமஹா 1970களின் பிற்பகுதியிலேயே பைக்கில் வைத்துவிட்டது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 ஸ்கூட்டரிலும் அந்த வசதி உண்டு. லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் மற்றப் பல வண்டிகளில் அது இல்லாமலிருக்க வலுவான தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

பழைய வண்டிகளுக்கு ஆர்டிஓ அலுவலக மைதானமே போதும். உரிமத் தேர்வில் கையாலும் விளக்காலும் தெளிவாகச் சைகை காட்டத் தெரிய வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தேர்வுக்கு வருகிறவர்கள் பயப்படுவதெல்லாம் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிடக் கூடாது என்பதற்குத்தான். வண்டியை நிறுத்தும்போது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தாலும் ஃபெயில் என்று ஆய்வாளர்கள் கண்டிப்பு காட்டினால், டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அடுத்த வாரமே அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.